கிரிட் எண் இல்லாத கல்: ஜப்பானிய இயற்கைச் சாணைக்கற்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

சமையல் கத்திகளில் நாட்டம் உள்ளவர்களின் பேச்சில் ஜப்பானிய இயற்கைச் சாணைக்கல்லுக்கு ஒரு நிரந்தர இடம் உண்டு. கியோட்டோ மலையில் வெட்டிய கல்லில் தீட்டினால் கூர் நெடுநாள் நிற்கும் என்பார் ஒருவர். கல்லின் நயத்தைக் குறிக்கும் கிரிட் எண்ணில் அது முப்பதாயிரத்துக்குச் சமம் என்பார் இன்னொருவர். சுரங்கங்களே மூடிவிட்டன, என்ன விலை சொன்னாலும் வாங்கிவிட வேண்டும் என்பார் மூன்றாமவர். இவற்றுள் சில பாதி உண்மை, சில வெறும் வியாபாரப் பேச்சு. இவற்றை நம்பிப் பெருந்தொகை கொடுத்துக் கல் வாங்கிவிட்டு, ஐந்நூறு ரூபாய்க் கத்தியை அதில் தேய்த்துப் பார்த்து ஏமாந்துபோகிறவர்கள் அதிகம். அந்தக் கல் எதனால் ஆனது, எஃகின்மேல் அது என்ன செய்கிறது என்ற இரண்டு விஷயங்கள் தெரிந்தால் போதும். எதை வாங்கலாம், எதை எதிர்பார்க்கலாம் என்பது தானே விளங்கும்.

தீட்டும்போது நடப்பது என்ன?

கத்தியின் வாய் என்று நாம் சொல்வது, சரிவான இரண்டு பக்கங்கள் சந்திக்கும் கோடு. பயன்படுத்தப் பயன்படுத்த அந்தக் கோடு மெல்ல உருண்டுபோகிறது. அதைத்தான் மழுங்கிவிட்டது என்கிறோம். தீட்டுதல் என்பது பக்கங்களில் உள்ள எஃகைச் சிறிது சிறிதாக நீக்கி, அவை மீண்டும் ஒரே கோட்டில் சந்திக்கும்படி செய்வது. இந்த வேலையைச் செய்பவை கல்லுக்குள் இருக்கும், எஃகைவிடக் கடினமான நுண்துகள்கள். ஒவ்வொரு இழுப்பிலும் அவை எஃகில் எண்ணற்ற கீறல்களைப் போடுகின்றன. துகள் பெரிதாக இருந்தால் கீறல் ஆழமாக விழும், வேலை விரைவில் முடியும், ஆனால் வாய் ரம்பத்தைப் போலச் சொரசொரப்பாக நிற்கும். துகள் சிறிதானால் கீறல் ஆழமின்றி விழும், வேலை மெதுவாக நடக்கும், வாய் வழவழப்பாகும். முதலில் சொரசொரப்பான கல்லிலும் பிறகு நயமான கல்லிலும் தீட்டுவது இதனால்தான்.

ஒரு பக்கத்தை வாய்வரை தேய்த்து முடித்ததும் மறுபக்கத்தில் மெல்லிய எஃகு இழை ஒன்று மடிந்து நிற்கும். கத்தியின் முதுகுப் பக்கத்திலிருந்து வாயைத் தாண்டி வெளியே போகும்படி விரலை மெதுவாக நகர்த்தினால் அது நெருடும். இதைப் பிசிறு என்பார்கள். பிசிறு எழுந்திருந்தால் அந்தப் பக்கம் வாய்வரை தேய்ந்திருக்கிறது என்று பொருள். கடைசியில் அந்தப் பிசிறை முழுவதும் நீக்கினால்தான் கூர் நிலைக்கும்; தீட்டிய மறுநாளே மழுங்கிவிட்டது என்று புலம்புகிறவர்களின் கத்தியில் பெரும்பாலும் பிசிறு போகாமல் இருந்திருக்கும்.

இதுவரை பார்த்ததன் சாரம்: எஃகை வெட்டுவது கல்லிலுள்ள துகள். துகளின் பருமன் கீறலின் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. பிசிறு எழுவது வாய்வரை தேய்ந்ததற்கு அடையாளம். அது நீங்குவது வேலை முடிந்ததற்கு அடையாளம்.

உப்புத்தாளும் செங்கல் பொடியும்

பித்தளைக் குத்துவிளக்கை உப்புத்தாளால் தேய்த்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். தாளில் ஒட்டிய துகள் நகராது. தேய்த்த திசையிலேயே நேரான, ஒரே மாதிரியான கோடுகள் விழும். அதே விளக்கைச் சலித்த செங்கல் பொடியும் ஈரமுமாகத் துலக்கினால், பொடி கைக்கும் பித்தளைக்கும் இடையே உருண்டும் புரண்டும் தேய்க்கும். தனிக்கோடு எதுவும் தெரியாமல் மெல்லிய, சீரான மங்கல் பளபளப்பு வரும். முதல் வகையில் துகள் கட்டுண்டிருக்கிறது, இரண்டாம் வகையில் அவிழ்ந்திருக்கிறது. சாணைக்கற்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும்.

ஆலையில் செய்யப்படும் செயற்கைக் கல்லில் அலுமினியம் ஆக்சைடு அல்லது சிலிக்கான் கார்பைடு துகள்களைப் பருமன் வாரியாகப் பிரித்து, ஒரு பிணைப்புப் பொருளால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். சிலிக்கான் கார்பைடை அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் 1891இல் செயற்கையாக உருவாக்கிய பிறகுதான் இத்தகைய கற்கள் பெரிய அளவில் சாத்தியமாயின. அவற்றின்மேல் எழுதியிருக்கும் கிரிட் எண் துகளின் பருமனைக் குறிக்கும். எண் கூடக் கூடத் துகள் சிறிதாகும். ஜப்பானியத் தர அளவின்படி 1000 என்றால் துகளின் சராசரிப் பருமன் சுமார் 11.5 மைக்ரான், 8000 என்றால் சுமார் 1.2 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இயற்கைக் கல்லில் குவார்ட்ஸ் துகள்கள் களிமண் கனிமங்களுக்கு நடுவே பொதிந்திருக்கின்றன. கல்லின்மேல் சிறிது நீர் விட்டுத் தேய்த்ததும் அந்தக் களியோடு துகள்களும் அவிழ்ந்து மெல்லிய சேறாகின்றன. கத்தி பெரும்பாலும் அந்தச் சேற்றின்மேல்தான் ஓடுகிறது. மென்மையான செயற்கைக் கற்களும் சேறு விடும் என்பதால் இந்த வேறுபாட்டை அளவில் உள்ள வேறுபாடு என்றே கொள்ள வேண்டும். ஆனாலும் களிமண்ணில் மிதக்கும், ஒரே பருமனில் இல்லாத துகள்கள் விடும் தடம் தனியானது.

இதைக் கண்ணால் காண ஒரு நல்ல இடம் உண்டு. பல ஜப்பானியக் கத்திகளில் வாய்ப்பகுதி மட்டும் கடினமான எஃகாலும், மற்றப் பகுதி மென்மையான இரும்பாலும் ஆனது. முன்னதை ஹகானே என்றும் பின்னதை ஜிகானே என்றும் அழைக்கிறார்கள். இயற்கைக் கல்லின் சேற்றில் தேய்க்கும்போது உருளும் துகள் மென்மையான இரும்பில் நன்கு பதிந்து அதை மங்கலாக்குகிறது. கடினமான எஃகில் அவ்வளவு பதிய முடியாமல் அதைப் பளபளப்போடு விட்டுவிடுகிறது. இரண்டும் சேரும் கோடு துல்லியமாகத் தெரியும். இந்தத் தோற்றத்துக்குக் கசுமி என்று பெயர். பளபளப்பான செயற்கைக் கற்கள் பலவற்றில் தேய்த்தால் இரும்பும் எஃகும் ஒன்றுபோல் மின்னும், கோடு மறைந்துபோகும்.

ஆழ்கடல் அடியில் படிந்த கல்

இவ்வளவு நுண்ணிய துகள் மலைக்குள் எப்படி வந்தது என்பது இந்தத் துறையில் நான் மிகவும் விரும்பும் பகுதி. கியோட்டோ நகரின் வடமேற்கில் உள்ள நருதாகி, உமெகஹதா மலைகளிலும், அங்கிருந்து கமெயோகா நோக்கிச் செல்லும் பகுதிகளிலும் கிடைக்கும் புகழ்பெற்ற மெருகுக் கற்கள், ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன், டிரையாசிக் காலத்தின் தொடக்கத்தில், கரையிலிருந்து வெகுதொலைவில் ஆழ்கடல் அடியில் படிந்த களிப்பாறைகள். அத்தனை தொலைவுக்கு ஆற்று மணல் போய்ச் சேராது. காற்றில் பறந்து வந்த மிக மெல்லிய தூசியும், நீரில் நெடுநேரம் மிதக்கக்கூடிய களிமண்ணும்தான் போகும்.

இங்கே ஒரு தற்செயலும் சேர்ந்துகொண்டது. அந்த ஆழ்கடல் அடியில் வழக்கமாகப் படிபவை ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிரிகளின் சிலிக்கா ஓடுகள். அவை இறுகினால் செர்ட் என்னும் கண்ணாடி போன்ற கெட்டிப் பாறையாகும். கத்தி தீட்ட அது உதவாது. டிரையாசிக்குக்கு முந்தைய பெர்மியன் காலத்தின் முடிவில் நிகழ்ந்த பேரழிவில் கடலுயிர்களில் மிகப் பெரும்பான்மை அழிந்தபோது ரேடியோலேரியாவும் அருகிப்போயின. ஓடுகளின் வரத்து குறைந்த அந்தக் காலத்தில் களிமண் மேலோங்கிய அடுக்குகள் படிந்தன. உயிர்கள் மீண்டு பெருகியபின் மறுபடி செர்ட் படிந்தது. பூமியின் வரலாற்றிலேயே மிகப் பெரிய உயிரழிவு விட்டுச் சென்ற இடைவெளியில்தான் ஒரு சமையல்காரர் தன் கத்தியைத் தேய்க்கிறார். பிற்காலத்தில் கடற்தட்டு நகர்ந்து ஆசியக் கண்டத்தின் ஓரத்தில் மோதியபோது இந்த அடுக்குகள் சுரண்டப்பட்டு, மடிந்து, மலையோடு ஒட்டிக்கொண்டன.

இந்த வரலாற்றிலிருந்து நடைமுறைக்குத் தேவையான இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. கல்லின் குவார்ட்ஸ் துகள்கள் சில மைக்ரானோ அதற்கும் குறைவோதான், இது முதலாவது. அடுக்குகள் மடிந்தும் நொறுங்கியும் வெவ்வேறு அழுத்தத்துக்கு ஆளானவை என்பதால், ஒரே சுரங்கத்தில், ஏன், ஒரே அடுக்கில் அருகருகே வெட்டிய இரண்டு கற்களும் ஒன்றுபோல் இருக்கும் என்று சொல்ல முடியாது, இது இரண்டாவது.

மூன்று படிகள்

ஜப்பானில் சாணைக்கற்களை வேலையை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். வாய் உடைந்த கத்தியைச் சீராக்கும் சொரசொரப்பான கல் அராதோ. வாயை உருவாக்கும் நடுத்தரக் கல் நகாதோ. கடைசி மெருகைத் தருவது அவாசெதோ. கியோட்டோவின் புகழெல்லாம் இந்த மூன்றாம் வகையால் வந்தது. நடுத்தரக் கற்களில் கமெயோகாப் பகுதியின் நீலச்சாம்பல் நிற ஆவோதோவும், கியூஷூவில் குமமோட்டோ மாவட்டத்தைச் சேர்ந்த அமகுசாத் தீவுகளின் கல்லும், ஷிகோகுத் தீவின் எஹிமே மாவட்டத்து இயோ கல்லும் பெயர் பெற்றவை. அமகுசாக் கல்லைப் பொடித்தால் பீங்கானுக்கு மூலப்பொருளாகும். இயோ கல்லை வெட்டும்போது வீணாகிக் குவிந்த துண்டுகளைப் பயன்படுத்தும் முயற்சியிலிருந்துதான் 1777இல் தோபே பீங்கான் பிறந்தது.

இன்று தொடங்குகிறவர் முதல் இரண்டு படிகளுக்கும் செயற்கைக் கல்லை வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. அந்த வேலைகளைச் செயற்கைக் கல் வேகமாகவும் மலிவாகவும் செய்துவிடும். மழுங்கிய கத்தியை நேராக அவாசெதோவில் தேய்ப்பவர் அரைமணி நேரம் தேய்த்தாலும் வாய் வராது; அதைக் கல்லின் குறை என்று சொல்வது நியாயமாகாது.

கிரிட் எண்ணும் ‘கடினம்’ என்ற சொல்லும்

இயற்கைக் கல்லின் துகள்கள் ஒரே பருமனில் இல்லை என்பதால் அதற்குக் கிரிட் எண் கிடையாது. விற்பவர்கள் எட்டாயிரம், பத்தாயிரம், முப்பதாயிரம் என்று குறிப்பிடுவது, அந்தக் கல் விட்ட மெருகு எந்தச் செயற்கைக் கல்லின் மெருகை ஒத்திருக்கிறது என்ற கண்மதிப்பு மட்டுமே. அதிலும், அழுத்தித் தேய்த்தால் ஒரு மெருகும், சேற்றை நீரால் மெலிதாக்கி மெல்லத் தேய்த்தால் வேறொரு மெருகும் ஒரே கல்லில் வரும். எண்ணை நம்பி வாங்குவதில் பொருளில்லை.

அடுத்த குழப்பம் கடினத்தைப் பற்றியது. கடினமான கல் என்றதும் அது எஃகை வேகமாக வெட்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வெட்டும் துகள் கடினமான கல், மென்மையான கல் இரண்டிலும் அதே குவார்ட்ஸ்தான். இங்கே கடினம் என்பது துகள்கள் எவ்வளவு இறுக்கமாகப் பிடிபட்டிருக்கின்றன, எவ்வளவு எளிதில் சேறாகின்றன என்பதைக் குறிக்கிறது. மென்கல் தானாகச் சேறு விடும். கோணம் சிறிது தவறினாலும் பொறுத்துக்கொள்ளும். கசுமித் தோற்றத்தை எளிதில் தரும். வன்கல்லில் சேற்றை நாமே எழுப்ப வேண்டும்; கை நடுங்கினால் அது உடனே காட்டிக்கொடுக்கும். சவரக் கத்திக்கும் தச்சர் இழைப்புளிக்கும் வன்கல் பொருந்தும். சமையல் கத்திக்கு நடுத்தரமோ அதைவிடச் சற்று மென்மையோ போதும். மிக வன்மையான கல்லை உச்சத்தரம் என்று எண்ணிச் சமையலறைக்கு வாங்குவது வீண்செலவு.

சுருங்கச் சொன்னால், இயற்கைக் கல்லை எண்ணால் அறிய முடியாது. அது எவ்வளவு எளிதில் சேறு விடுகிறது, அந்தச் சேறு எவ்வளவு நயமாக இருக்கிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் அறிய வேண்டும்.

எந்தக் கத்திக்குப் பொருந்தும்?

குவார்ட்ஸின் கடினம் விக்கர்ஸ் அளவில் ஏறத்தாழ 1,100. விக்கர்ஸ் என்பது கூரான வைரத்தால் அழுத்தி எவ்வளவு பதிகிறது என்று பார்க்கும் அளவு. நன்கு பதப்படுத்திய சமையல் கத்தியின் எஃகு 700 முதல் 850 வரை இருக்கும். ஆகவே குவார்ட்ஸ் அதைக் கீறும். ஆனால் எஃகுக்குள் கார்பைடுகள் என்னும் கெட்டியான மணிகளும் உண்டு. கார்பன் ஓர் உலோகத்தோடு கூடி உண்டானவை அவை. எளிய கார்பன் எஃகில் அவை இரும்புக் கார்பைடுகள். குவார்ட்ஸுக்கு ஏறக்குறைய ஈடான கடினம் கொண்டவை, அளவிலும் சிறியவை. குரோமியக் கார்பைடுகள் சுமார் 1,500ஐ எட்டும். வனேடியக் கார்பைடுகள் 2,500ஐயும் தாண்டும். அவற்றைக் குவார்ட்ஸால் தொடக்கூட முடியாது.

எனவே ஷிரோகாமி, ஆவோகாமி போன்ற ஜப்பானியக் கார்பன் எஃகுகளில் இயற்கைக் கல் தன் திறமையைக் காட்டும். இவற்றுள் கலப்பு உலோகம் மிகக் குறைவான ஷிரோகாமி அதற்கு இன்னும் நன்றாக இணங்கும். டங்ஸ்டனும் குரோமியமும் சேர்ந்த ஆவோகாமியில் வேலை சற்று மெதுவாக நடக்கும். வனேடியம் கூடிய எஸ்ஜி2 போன்ற, உலோகப் பொடியை இறுக்கிச் செய்த எஃகில் கத்தி கல்லின்மேல் வழுக்கிப் போவதுபோல் இருக்கும். அதற்கு நல்ல செயற்கைக் கல்லோ வைரக் கல்லோ சரி. கடையில் கிடைக்கும் சாதாரண எவர்சில்வர் கத்திக்கு ஒரு செயற்கைக் கல் தாராளம். இயற்கைக் கல்லால் அதில் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

தீட்டும் முறை

சுமார் 1000 கிரிட் செயற்கைக் கல்லில் இரு பக்கமும் பிசிறு எழுப்பி, 3000 அளவுள்ள கல்லில் கீறலை நயமாக்கி, அதன் பிறகு இயற்கைக் கல்லுக்கு வர வேண்டும். அதற்குமுன் கத்தியையும் கையையும் நன்கு கழுவிக்கொள்ளுங்கள். முந்தைய கல்லின் துகள் ஒன்று வந்து விழுந்தாலும் மெருகில் கீறல் ஓடிவிடும்.

கல்லின்மேல் சில துளி நீர் விடுங்கள். மென்கல்லில் நீர் மெல்ல உள்ளே இறங்கும். வன்கல்லில் முத்துமுத்தாக நிற்கும். நகுரா என்னும் சிறு கல்லாலோ, தேய்ந்த வைரத் தகட்டாலோ மேற்பரப்பை வட்டமாகத் தேய்த்தால் பால் போன்ற சேறு எழும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதைத் தேய்த்துப் பாருங்கள். மணல்மணலாக நெருடக் கூடாது. பிறகு கத்தியை முந்தைய கோணத்திலேயே வைத்து, அதன் எடையைவிடச் சிறிதே கூடுதலான அழுத்தத்தில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். சில இழுப்புகளிலேயே வெளிறிய சேற்றில் வாயை ஒட்டிக் கரிய கோடுகள் படரும். அவை கத்தியிலிருந்து வெளியேறிய எஃகு. சேறு முழுவதும் கருஞ்சாம்பல் நிறமானால் கல் நன்கு வேலை செய்கிறது என்று அறியலாம். நிறம் மாறவே இல்லையென்றால் அந்த எஃகுக்கு அந்தக் கல் பொருந்தவில்லை, அல்லது கோணம் தவறி வாய் கல்லைத் தொடவில்லை.

சேற்றைக் கழுவித் தள்ளாதீர்கள். உலர்ந்தால் ஒன்றிரண்டு துளி நீர் மட்டும் சேருங்கள். கடைசிச் சில இழுப்புகளில் நீரைக் கூட்டிச் சேற்றை மெலிதாக்கி, அழுத்தத்தை முற்றிலும் குறைத்து, பக்கம் மாற்றி மாற்றித் தேய்த்தால் பிசிறு போய்விடும். தக்காளித் தோலில் கத்தியை வைத்து அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். தோல் உடனே பிளக்க வேண்டும். மிகையாக மெருகேறிய வாய் தக்காளித் தோலில் வழுக்குவது உண்டு. இயற்கைக் கல் விடும் சிறு சொரசொரப்பு அங்கே பற்றிக்கொள்கிறது. சமையல்காரர்கள் இந்தக் கல்லை விரும்புவதற்கு நியாயமான காரணம் என்று நான் நினைப்பது இதைத்தான். கூர் நீடிக்கும், அதில் தீட்டிய கத்தியால் வெட்டிய மீன் ருசிக்கும் என்று சொல்லப்படுபவற்றில் கல்லின் பங்கைவிடத் தீட்டுபவர் கையின் பங்கே பெரிது.

வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை

கியோட்டோவின் பெரும்பாலான சுரங்கங்களில் இப்போது வேலை நடப்பதில்லை. செயற்கைக் கல் மலிந்ததும் மலையைக் குடைந்து, வெட்டியதில் பெரும்பகுதியைக் கழித்துக்கட்டும் தொழில் கட்டுப்படியாகாமல் போனது. ஆகவே நகயாமா, ஓசுக்கு, ஓகுதோ, ஷோபுதானி, ஓஹிரா போன்ற பழைய சுரங்கங்களின் பெயர்களே விலையை ஏற்றுகின்றன. தொமாயெ, சுயித்தா என்பவை அடுக்குகளின் பெயர்கள். சுயித்தாவில் ஊசிமுனை அளவுத் துளைகள் தெரியும், பொதுவாக வேகமாக வெட்டும். கல்லின் பக்கத்தில் மையால் குத்திய முத்திரையை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். முத்திரையை யாரும் குத்தலாம், கல் பேசாது.

நிறத்துக்கும் கோலத்துக்கும் தனி விலை உண்டு. காக்கை நிறக் கருந்திட்டுகளுக்குக் கராசு, பேரிக்காய்த் தோல் போன்ற புள்ளிகளுக்கு நஷிஜி, செந்நிறத் தெறிப்புகளுக்கு ரெங்கே என்று பெயர்கள். சேர்த்து வைத்து அழகு பார்ப்பவருக்கு இவை மகிழ்ச்சி தரலாம், அதில் தவறில்லை. தீட்டுகிறவர் பார்க்க வேண்டியது கோடுகளை. மேற்பரப்பில் ஓடும் கோட்டின்மேல் நகத்தை ஓட்டினால் தடுக்காமல், கத்தியை ஓட்டினால் கிரக்கென்று ஒலிக்காமல் இருந்தால் அது தீங்கற்றது. கெட்டியான கனிமம் நிறைந்த கோடானால் ஒவ்வொரு இழுப்பிலும் கத்தியில் கீறல் விழும். ஜப்பானியர் அதை ஹரி என்பார்கள். திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குவது இதற்காகத்தான்.

முதல் கல்லாகக் கொப்பாவை வாங்கலாம். ஓரம் வெட்டிச் சதுரமாக்காத, ஒழுங்கற்ற வடிவக் கற்களுக்கு அந்தப் பெயர். அதே அடுக்கிலிருந்து வந்த நீள்சதுரக் கல்லின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக, மேற்புறம் தட்டையாக இருந்தால் போதும். அதைவிடச் சிறிய சில்லுகளும் வீணாவதில்லை. வாள் மெருகிடுவோர் அவற்றைத் தாள்போல் மெல்லியதாகத் தேய்த்து, பின்புறம் வாஷி என்னும் ஜப்பானியக் கைத்தாளை அரக்கால் ஒட்டி, விரல்நுனியில் வைத்துத் தேய்ப்பார்கள். சமையல் கத்தியின் இரும்புப் பகுதிக்குக் கசுமித் தோற்றம் தரவும் அது உதவும்.

பராமரிப்பு

அவாசெதோவை நீரில் ஊறப்போடக் கூடாது. அடுக்கடுக்காகப் படிந்த பாறை என்பதால் நீர் உட்புகுந்தால் அடுக்கு பிரிந்து பிளக்கக்கூடும். பக்கங்களுக்கும் அடிப்புறத்துக்கும் ஒன்றிரண்டு பூச்சு அரக்கு வார்னிஷ் பூசி, தேய்க்கும் முகத்தை மட்டும் திறந்து விடுவது வழக்கம். மெல்லிய கல்லானால் மரக்கட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, வெயிலில் வைக்காமல் நிழலில் காயவிடுங்கள். நடுப்பகுதி குழிவிழுந்தால் வைரத் தகட்டால் சமப்படுத்துங்கள். அதை ஈரத்தோடுதான் செய்ய வேண்டும், ஏனெனில் உலர்ந்த குவார்ட்ஸ் தூசி நுரையீரலுக்குக் கேடு. சமப்படுத்தும்போது எழும் சேற்றைக் கழுவிவிடாமல் அதிலேயே கத்தியைத் தீட்டிக்கொள்ளலாம்.